சுபாங்கிலிருந்து மீனம்பாக்கம் எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆயினும் பயணச்சீட்டிலுள்ள நேரத்தை மட்டும் பார்த்தால், போகும்போது ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது ஆறரை மணி நேரம்! நமது நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியிருப்பதே காரணம்.

இதனை விளக்கி, குடும்பப் பயணம் ஒன்றைக் கணக்கிட்டு வருமாறு ஆண்டு 5 மாணவர்களைப் பணித்தேன். ஒரு மாணவி தன் தாத்தாவின் 1979ஆம் ஆண்டு நாட்குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தாள்: சுபாங்கில் புறப்பட்டது மாலை 6.00, மீனம்பாக்கத்தில் இறங்கியது இரவு 8.00. விடை, நான்கு மணி நேரம். நான்கரை என்று திருத்திச் சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன்.

மறுநாள் தாத்தாவே பள்ளிக்கு வந்துவிட்டார். "சார், அப்ப நம்ம மணி வேற," என்றார்.

உண்மைதான். தீபகற்பத்தின் நேரம் 1905இல் கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி முந்தியதாக வகுக்கப்பட்டது. 1933இல் இருபது நிமிடமும் 1941இல் பத்து நிமிடமும் கூடின. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் நேரம். விடியுமுன்னே கடிகாரம் விடிந்துவிடும். போருக்குப்பின் ஏழரை மணிக் கணக்கு மீண்டது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடும்பொருட்டு, 1982 சனவரி 1இல்தான் அது எட்டாயிற்று. ஆக, 1979இல் இந்தியாவுடன் வேறுபாடு இரண்டே மணி.

மாணவியின் ஏட்டை வரவழைத்து, என் குறியை அடித்துச் சரியிட்டேன். அதனைப் பார்த்த பின்னரே பெரியவர் தேநீரைக் கையில் எடுத்தார்.