குழந்தையின் மச்சமும் தாயின் மேற் பழியும்

பிள்ளைப்பேறு இக்காலத்தில் ஆஸ்பத்திரியில் நடக்கின்றதாயினும், குழந்தை பைராம் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தவுடன் முதியோர் அதைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இடுப்பின் கீழே நீலம் பாரித்திருந்தாலும், நெற்றியிற் செந்நிறப் படை தோன்றினாலும் உடனே விசாரணை தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியில் வந்தாயா? அரிவாள்மனையைத் தொட்டாயா? வயிற்றைச் சொறிந்தாயா? எதைக் கண்டு பயந்தாய்? எதற்கு ஆசைப்பட்டாய்? கேள்விகள் யாவும் தாய்க்கே. தகப்பன் கிரகணத்தன்று எங்கே திரிந்தான் என்று ஒருவரும் கேட்டதாக நாம் அறியோம்.

நம் முன்னோர் வெல்லெஸ்லி மாகாணத்துக்குக் கரும்பு வெட்ட வந்த காலத்திலேயே இவ்விசாரணையும் கப்பலேறி வந்திருக்க வேண்டும். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. விசாரணை மட்டும் நிலைத்து நிற்கின்றது.

ஆங்கிலம் படித்த நம்மவரிற் சிலர், இத்தகைய மூடநம்பிக்கை கீழ்நாட்டாருக்கே உரிய சொத்தென்று கருதி வெட்கப்படுகின்றனர். அவ்வெட்கம் வேண்டுவதில்லை. பிரெஞ்சு தேசத்து ரணவைத்தியர் அம்புரோஸ் பாரே 1573-இல் வெளியிட்ட நூலில், அங்கக் கோளாறுகளுக்குத் தாயின் மனக்கற்பனையும் ஒரு காரணமென்று எழுதினார். 1714-இல் லண்டன் வைத்தியர் டேனியல் டர்னர், தோல் நோய்களைப் பற்றிய தமது நூலிலேயே, கர்ப்பிணியின் ஆசையும் அச்சமும் சிசுவின் தோலிற் பதியும் என்று வாதித்தார். 1726-இல் மேரி டாஃப்ட் என்னும் இங்கிலாந்துப் பெண், தான் முயல்குட்டிகளை ஈன்றதாகக் கூற, அரசருடைய ரணவைத்தியரே அதை நம்பி ஏமாந்தார்! அவள் தன் வஞ்சகத்தை ஒப்புக்கொண்ட மறுவருஷமே, ஜேம்ஸ் பிளாண்டெல் என்னும் வைத்தியர், தாயின் கற்பனை சிசுவின் மேல் அடையாளமிடும் என்பது அனுபவத்துக்கும் அறிவுக்கும் அங்க சாஸ்திரத்துக்கும் முரணானதென்று நூல் எழுதி மறுத்தார். பெண்ணின் மேல் ஏற்றப்பட்ட பழியை இறக்கி வைக்க முயன்ற முதல் எழுத்துகளில் ஒன்றாக இதை நாம் மதிக்கின்றோம். இதற்கு முந்திய நூற்றாண்டுகளிலோ மச்சமுள்ள பெண்ணின் நிலை இன்னும் கொடிது. சூனியக்காரி என்று பிடிக்கப்பட்டவளின் உடலில் உள்ள மச்சம் சைத்தான் இட்ட முத்திரையெனக் கொள்ளப்பட்டது. அவ்விடத்தில் ஊசி குத்திச் சோதிப்பதையே பிழைப்பாகக் கொண்டோர் ஸ்காட்லாந்தில் இருந்தனர்.

நீல மச்சத்தின் கதை வேறு. கொரியா தேசத்தார், குழந்தையை வெளியே தள்ளுவதற்குப் பிள்ளைப்பேற்றுத் தெய்வமாகிய மூதாட்டி கொடுத்த அடியின் தழும்பு அது என்பர். ஜப்பானியர் அனுபவமற்ற வாலிபனைப் பிட்டம் நீலமாயிருப்பவன் என்று ஏளனம் செய்வர். அந்நாட்டில் வைத்தியம் கற்பித்த எர்வின் பெல்ஸ் என்னும் ஜெர்மானியர் 1885-இல் இம்மச்சத்தை விவரித்து, அதற்கு மங்கோலிய மச்சம் எனப் பெயரிட்டார். மனிதரைத் தோலின் நிறத்தாலும் மண்டையோட்டின் வடிவத்தாலும் வகுத்த புளூமன்பாக், 1795-இல் வழங்கிய இனப்பெயர்களுள் மங்கோலியர் என்பதும் ஒன்று. அந்த இனத்துக்கு இயற்கையே இட்ட முத்திரை இதுவென்பது பெல்ஸின் கருத்து. ஆனால் குழந்தைகள் அவர் வகுத்த எல்லைக்குள் அடங்கவில்லை. ஆப்பிரிக்கரிலும் அமெரிக்க ஆதிகுடிகளிலும் நம் தமிழரிலும் அது மிகுதியாகக் காணப்படுகின்றது. வெள்ளையர் குழந்தைகளிலும் சிறுபான்மை உண்டு. பினாங்கில் மலாய்த் தாயும் சீனத் தாயும் தமிழ்த் தாயும் தத்தம் குழந்தைகளைப் பக்கத்திற் பக்கத்திற் கிடத்தினால், மூன்றின் முதுகிலும் அதே நீலத்தைக் காணக்கூடும்.

அதன் காரணம் எளிது. நிறம் தரும் அணுக்கள் கருவில் தோலின் மேற்படையை நோக்கிச் செல்லுகையில், சில உட்படையிலேயே தங்கிவிடுகின்றன. ஆழத்திலுள்ள கருநிறம், ஒளி சிதறுவதால் வெளியில் நீலமாய்த் தோன்றுகின்றது. பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறைந்துவிடும். இதை அறியாதோர் மேனாடுகளில் அடித்த காயமென்று கருதிப் பெற்றோரைச் சந்தேகித்ததும் உண்டு. அங்கும் பழி தாய் தகப்பன்மாரையே தேடி வந்தது! இப்போது வைத்தியருட் பலர் இனப்பெயரைக் கைவிட்டு, தோலின் உட்படையிற் பிறவியில் அமைந்த நிறம் என்னும் பொருளுள்ள பெயரை வழங்குகின்றனர்.

பழியோடு நின்றாலும் பொறுக்கலாம்; சிகிச்சை என்னும் பெயரால் நேர்ந்த தீங்கைப் பொறுப்பதற்கில்லை. குழந்தைகளுக்குச் சூடு போடும் நம் நாட்டுக் கொடுமையை யாவரும் அறிவர். ஆனால் ஸ்டாக்ஹோம் நகரத்துப் புகழ்பெற்ற ரேடியம் ஆஸ்பத்திரியில், 1920 முதல் 1959 வரை, ரத்தக்குழாய்ச் செம்மச்சத்துக்காக 14,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரேடியக் கதிர் வைக்கப்பட்டதைப் பலர் அறியார். அவர்கள் வளர்ந்த பின் கழுத்துச் சுரப்பியிலும் மார்பிலும் புற்றுநோய் மிகுந்திருந்ததைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. இத்தனைக்கும், 1938-லேயே லிஸ்டர் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய செம்மச்சமுள்ள குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, அவை முதலில் வளர்ந்து பின்னர்த் தாமே சுருங்குவதைத் தெரிவித்திருந்தார். பொறுத்திருந்து பார்த்தவரின் சொல்லைக் கேட்போர் அன்று குறைவு.

கண்ணருகில் வளர்ந்து பார்வையை மறைப்பதும், புண்ணாவதும், மூச்சை அடைப்பதும் விலக்கு; அவற்றுக்கு வைத்தியம் அவசியமே. பிறவியிலேயே பரந்து கிடக்கும் கருஞ்சிவப்புப் படை மறைவதில்லை. நெற்றியிலும் இமையிலும் இருந்தால் வைத்தியர் மூளையையும் கண்ணையும் சோதிப்பர். வளரும் செம்மச்சத்துக்கான மருந்து 2008-இல் பிரான்சின் போர்தோ நகரில் தற்செயலாகக் கிடைத்தது. ப்ரோப்ரனோலால் என்னும் பழைய இருதய மருந்தை ஒரு குழந்தையின் இருதய நோய்க்குக் கொடுத்த வைத்தியர்கள், அதன் முகத்துச் செம்மச்சம் வெளுத்துச் சுருங்குவதைக் கண்டனர். இன்று அதுவே வைத்தியரின் மேற்பார்வையில் வாய்வழி கொடுக்கப்படுகின்றது.