பெட்ரா பிராங்கா

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள, சுமார் 137 மீட்டர் நீளக் கருங்கல் தீவு. மலாயில் பத்து பூத்தே. மலேசியாவின் ஜொகூர்க் கரை 7.7 கடல்மைல் தொலைவு, சிங்கப்பூர் 24 கடல்மைல் தொலைவு. ஆனாலும் அருகாமை இங்கே உரிமையாகவில்லை: 2008 மே 23இல் அனைத்துலக நீதிமன்றம் மலேசியாவுடனான வழக்கில் 12க்கு 4 என்ற கணக்கில் சிங்கப்பூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் தீவு ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றதுதான் கவனிக்கத்தக்கது. 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்ற மலேசிய வாதம் நியாயமானதே. ஜொகூருக்குச் சொந்தமான புலாவ் பீசாங்கிலும் சிங்கப்பூர்தான் விளக்கை நடத்துகிறது.

வழக்கைத் திருப்பியது 1953இல் ஜொகூரின் பதில் மாநிலச் செயலாளர் அனுப்பிய கடிதம்: தீவின் உடைமையை ஜொகூர் கோரவில்லை என்றது அது. உடைமை வேறு, இறைமை வேறு என்றும், அவருக்கு அந்த அதிகாரமில்லை என்றும் மலேசியா மறுத்தது. அந்தக் கடிதத்துக்குக் காரணமான சிங்கப்பூரின் கேள்வியே தீவின் நிலை பற்றியது என்பதால் முதல் மறுப்பு நிற்கவில்லை. இரண்டாவது வலுவானது, ஆனால் பின்னர் சிங்கப்பூர் அங்கே கொடியேற்றி, கப்பல் விபத்துகளை விசாரித்து, மலேசிய அதிகாரிகளின் வருகைக்கே அனுமதி வழங்கியபோதும் மறுப்பு வரவில்லை. மலேசியா தன் வரைபடத்தில் தீவைச் சேர்த்தது 1979இல்தான். அத்தகைய சான்றில்லாத பக்கத்துப் பாறைகளான மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கே போயின.