வீட்டு வாசல் முதல் மருத்துவமனை வரை: இணைந்த மருத்துவச் சேவைகளும் நோயாளியின் அன்றாட வாழ்வும்

நீரிழிவு நோய், உயர் இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கான சிகிச்சை இன்று ஒரே இடத்தில் முடிவதில்லை. பரிசோதனை துணை சுகாதார நிலையத்திலும், மருத்துவரின் ஆலோசனை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மாத்திரைகள் வீட்டு வாசலிலும், பதிவுகள் கணினியிலும், அவசர உதவி தொலைபேசி வழியாகவும் கிடைக்கின்றன. இவை ஒன்றையொன்று அறிந்து செயல்படும்போது நோயாளிக்கு நன்மை விளையும். அறியாமல் செயல்பட்டால் தீங்கும் நேரலாம். திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளிப் பகுதிகளிலும் சிகிச்சை பெறுவோரும் அவர்களைப் பராமரிப்போரும் இச்சேவைகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறையை இப்பக்கம் விளக்குகிறது.

இச்சேவைகள் எவ்வாறு இணைந்துள்ளன?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டு, பின்னர் தமிழ்நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன்பு, மாதந்தோறும் மாத்திரை பெற நோயாளியே சுகாதார நிலையத்திற்கு வர வேண்டியிருந்தது. தினக்கூலி பெறுபவருக்கு அது ஒரு நாள் வருமான இழப்பாகும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித வலியும் தருவதில்லை; ஆகவே “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று பலர் மருந்தை நிறுத்திவிட்டு, பக்கவாதத்துடன் வந்ததை மருத்துவர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். நோயாளி அலைவதற்கு மாறாகச் சேவையே இடம்பெயர வேண்டும் என்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படை.

இதன்படி மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கிறார். மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரைகளை வழங்குகிறார். இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியனவும் இத்திட்டத்தில் அடங்கும். தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்காக 2024-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதை இத்திட்டம் பெற்றது. பணியிடங்களுக்கே சென்று பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டமும் அதே ஆண்டு தொடங்கப்பட்டது.

உங்கள் நாள் எப்போது தொடங்குகிறது என்பதைக் கூறுங்கள்

மருந்துச் சீட்டில் “காலை” என்று எழுதும்போது மருத்துவர் எட்டு மணியளவில் உண்ணும் சிற்றுண்டியை எண்ணியே எழுதுகிறார். நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிப்பவரோ விடியுமுன் தோட்டத்தில் இருப்பார். முதல் உணவு பத்து மணிக்கு மேல்தான். வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலையில் இரவுப் பணி முடித்து வருபவருக்குக் காலை என்பது உறங்கும் நேரம். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்டுவிட்டு உணவு அருந்தாமல் இருந்தால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழும். எனவே உங்கள் வேலை நேரத்தையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். மாத்திரை நேரத்தை அவரே மாற்றி எழுதித் தருவார். நீங்களாக மாற்ற வேண்டாம்.

இரு இடங்களில் மருந்து பெறுவோர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒருவரை விடியற்காலையில் தூக்கி வந்தனர். உடல் வியர்த்திருந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம் என்றே குடும்பத்தினர் எண்ணினர். சர்க்கரை அளவு 38 மட்டுமே இருந்தது. முந்தைய வாரம் வேறொரு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பியிருந்தார். அங்குக் கொடுத்த கிளிமிப்ரைடு மாத்திரையுடன், வழக்கமாக வீட்டில் கிடைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். இரண்டும் ஒரே வகை மருந்துகள். பெயரும் நிறமும் வேறு என்பதால் வெவ்வேறு நோய்க்கானவை என்று கருதியிருக்கிறார். இரு இடங்களிலும் சரியான மருந்தே கொடுக்கப்பட்டது. ஆனால் ஓரிடத்தில் கொடுத்தது மற்றோரிடத்திற்குத் தெரியவில்லை. அவர் பிழைத்தார்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளே இத்தொடரில் மிகவும் பலவீனமான இடம். அன்றோ மறுநாளோ விடுவிப்புக் குறிப்பையும், வீட்டில் உள்ள அனைத்து மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் இட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு வாருங்கள். நோயாளி வர இயலாவிட்டால் பராமரிப்பவர் வந்தால் போதும். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று மருத்துவர் குறித்துத் தருவார். நிறுத்தப்பட்ட மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தன்னார்வலர் அடுத்த முறை வரும்போது புதிய சீட்டையே முதலில் காட்டுங்கள்.

திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம், கடும் பசி ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழ் இருந்தாலோ, அளந்து பார்க்க வசதி இல்லாவிட்டாலோ, நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மேற்கூறிய மாத்திரைகளால் நேர்ந்த தாழ்வு மீண்டும் வரக்கூடும் என்பதால், தெளிந்த பிறகும் மருத்துவரிடம் செல்வது கட்டாயம்.

கைப்பேசி எண் யாருடையது?

14 இலக்க ‘ஆபா’ சுகாதார அடையாள எண், வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள உங்கள் பதிவுகளை உங்கள் ஒப்புதலுடன் இணைப்பதற்கானது. அதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் பதிவுசெய்த கைப்பேசிக்கே வரும். திருப்பூரில் பணிபுரியும் மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பதிவு மேசையின் முன் காத்துநிற்கும் பெற்றோரை அடிக்கடி காண்கிறோம். வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது நல்லது. ஆயினும் கணினியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அழுத்த அளவு, சர்க்கரை அளவு, மாத்திரை மாற்றம், ஒவ்வாமை ஆகியவற்றைத் தேதியுடன் எழுதிய ஒரு குறிப்பேடு மின்சாரம் இல்லாத வேளையிலும் பேசும்.

நெஞ்சுவலி ஏற்பட்டால்

2023-இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாக அளிக்கப்பட்டு, உயர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். அவற்றை வீட்டில் வாங்கி வைத்துத் தாமாக உட்கொள்ளலாகாது. குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வெளியூர் செல்லும்போது

பிள்ளைகள் வீட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்தால், புறப்படுமுன் தன்னார்வலரிடம் தெரிவித்து, கைவசம் எத்தனை நாள் மாத்திரை உள்ளது என்று எண்ணிப் பாருங்கள். சென்ற ஊரின் அரசு சுகாதார நிலையத்தில் குறிப்பேட்டையும் கடைசி மருந்துச் சீட்டையும் காட்டி, மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். ஐயம் இருப்பின் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.