புழுங்கலரிசியும் குளுகோஸ் நீரும்

யோங் பெங் முதலிய ஜோகூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தில், தமிழரோடு அவர்தம் புழுங்கலரிசியும் கடல் கடந்து வந்தது. அதன் மணத்தை விரும்பாதார் பலர். ஆயினும் மலாயாவின் மருத்துவ வரலாற்றில் அவ்வரிசிக்குத் தனியிடம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, முடிவில் இதயம் சோர்ந்து இறப்பர். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனரிடையே மலிந்திருந்த இந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாயிருந்ததைச் சிரம்பானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் கண்டார். கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என 1907இல் நூல் எழுதினார். கண்டது சரி, கொண்ட முடிபு தவறு.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 இறுதியில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளருள் ஒரு பாதியினர்க்குச் சயாம் பச்சரிசி, மறுபாதியினர்க்குப் புழுங்கலரிசி. இடையில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கூடத்தைப் பற்றி நிற்கவில்லை, அரிசியைத் தொடர்ந்தது. பச்சரிசி உண்டோருள் 18 பேர் மாண்டனர். மறுத்துரைக்க இயலாதவர்மீது நடந்த சோதனை இது என்பதையும் மறத்தலாகாது.

பின்னர்ப் பிரேசரும் ஸ்டான்டனும், தவிட்டில் உள்ள ஒரு பொருளே உடலைக் காக்கிறது என்று நிறுவினர். நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுவே தயமின் என்னும் வைட்டமின் பி1. 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்கர் வில்லியம்ஸ், நம் நெல்லூரில் பிறந்தவர்.

அரிசி ஆலையில் நேர்ந்த பிழை மருத்துவமனையிலும் நேரக்கூடியதே. குடல் செயற்படாத நோயாளிக்கு இரத்தக்குழாய் வழியாகவே முழு உணவையும் செலுத்தலாம் என 1960களின் இறுதியில் பிலடெல்பியாவில் தட்ரிக் குழுவினர் காட்டினர். அவ்வுணவில் சேரும் குளுகோஸ், தீட்டிய அரிசியினும் தூயது. அது முறையாக ஆற்றலாக மாறத் தயமின் வேண்டும். இல்லையேல் இலாக்டிக் அமிலம் குருதியில் பெருகும். உடலிலுள்ள தயமின் இருப்போ சில வாரங்களுக்கே போதும். அமெரிக்காவில் 1996 நவம்பரில் ஊசிவழி வைட்டமின் கலவைக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அஃதின்றி இவ்வுணவு பெற்றோருள் மூவர்க்கு இக்கேடு நேர்ந்ததை 1997இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் வெளியிட்டது.

குளுகோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். நூற்றுக்கு ஐந்து விழுக்காட்டு நீர் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் குளுகோஸே, வைட்டமின் ஏதுமில்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்கும் குடியால் நலிந்தவர்க்கும் அது எஞ்சிய தயமினையும் செலவழித்துவிடும். பாஸ்பேட்டும் பொட்டாசியமும் குருதியில் குறையும். ஆதலின் அத்தகையோர்க்கு மருத்துவர் தயமினை முன்னரே ஊசியாகச் செலுத்துகின்றனர்.