ஆர்.டி.எஸ். குறியாக்கி

பண்பலை ஒலிபரப்பில் நிலையப் பெயர், நேரம், நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றை ஒலியோடு சேர்த்து அனுப்பும் கருவி. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்.டி.எஸ். எனும் இம்முறையை 1984இல் வெளியிட்டது. இன்றைய பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 62106.

ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டு அலையின் மும்மடங்கான 57 கிலோஹெர்ட்ஸில் தரவு ஏற்றப்படுகிறது. வேகம் நொடிக்கு 1187.5 பிட். ஒரு தொகுதி 104 பிட். அதில் 40 பிழை காண்பதற்கே செலவாகும். பொருத்தும்போது குறியாக்கி வழிகாட்டு அலையுடன் ஒத்திசைய வேண்டும். தரவின் விலகல் பொதுவாக 2 கிலோஹெர்ட்ஸ். கூட்டினால் மொத்த வரம்பான 75 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்குரிய பங்கு குறையும்.

திருச்சிராப்பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கு வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் பண்பலை அங்கு 102.1 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இவ்வூர் நிலையம் ஒன்றுக்கு நிரலிடுவதாயின் முதலில் 16 பிட் அடையாள எண் தரப்படும். நிலையப் பெயருக்கு 8 எழுத்திடமே உண்டு: ஆங்கில எழுத்தில் ‘திருச்சி’ அடங்கும், ‘ஸ்ரீரங்கம்’ 9 எழுத்தாகி ஓரெழுத்து மிஞ்சும். நீண்ட செய்திக்கு 64 இடம். நேர வேறுபாடு அரைமணி அலகில் பதியப்படுவதால் இந்திய நேரத்துக்கு 11 என இட வேண்டும்.

மூல எழுத்துத் தொகுப்பில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டு நிலையங்களுக்கு இதுவே பெருங்குறை. யு.டி.எஃப்.-8 ஏற்கும் 128 பைட் விரிவுரைப் பகுதி இதற்கு வழி தருகிறது. எனினும் வானொலிப் பெட்டியும் அதைப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.