கார்பாக்சில் தொகுதி

ஒரே கார்பன் அணுவில் ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாலும், ஒரு ஹைட்ராக்சில் ஒற்றைப் பிணைப்பாலும் இணைந்திருக்கும் அமைப்பே கார்பாக்சில் தொகுதி. வினிகரின் அசிட்டிக் அமிலம், புளியின் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், தயிரின் லாக்டிக் அமிலம் ஆகிய எல்லாவற்றின் புளிப்புக்கும் காரணம் இதுதான். ஆனால் இந்த அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கைக்குக் கிடைத்த பிறகும், இவற்றுக்குப் பொதுவான ஓர் உறுப்பு உண்டு என்று தெளிய ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது.

ஆங்கில இயற்கையியலர் ஜான் ரே, எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் அமிலம் கிடைப்பதை 1671இல் விவரித்தார். ரப்பர்ப் பாலை உறையவைக்க இன்று ஊற்றப்படும் ஃபார்மிக் அமிலம் அதுவே. ஸ்வீடனில் மருந்தாளராக இருந்த கார்ல் ஷீலே 1769 தொடங்கி டார்டாரிக், லாக்டிக், சிட்ரிக், மாலிக் அமிலங்களை வரிசையாகப் பிரித்தெடுத்தார். சிட்ரிக் அமிலத்துக்கு அவர் கையாண்ட வழி எளியது: பழச்சாற்றின் அமிலத்தைக் கால்சியம் உப்பாக வீழ்படியவிட்டு, பிறகு சல்ஃபூரிக் அமிலத்தால் விடுவிப்பது. பொருள் கிடைத்தது, அது ஏன் அமிலமாக இருக்கிறது என்பதற்கு விடை இல்லை.

ஆக்சிஜன்தான் அமிலத்தன்மைக்குக் காரணம் என்றார் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று 1810 வாக்கில் ஹம்ப்ரி டேவி காட்டியதும் அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. உலோகத்துக்கு இடம்விடும் ஹைட்ரஜன் உள்ளதே அமிலம் என்ற விளக்கத்தை 1838இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக் கரிமச் சேர்மங்களுக்கும் விரித்தார்.

தொகுதியின் இருப்பைக் காட்டிய முதல் வலுவான தடயம் பாரிஸிலிருந்து வந்தது. அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன்கள். சூரிய ஒளியில் குளோரினைச் செலுத்தியபோது அவற்றில் மூன்றின் இடத்தில் குளோரின் அமர்ந்தது. கிடைத்த பொருளோ அமிலமாகவே இருந்தது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலர் டூமா செய்த சோதனை இது. குளோரினுக்கு இடம்விடாமல், உலோகத்துக்கு மட்டும் இடம்விடும் அந்த நான்காவது ஹைட்ரஜன்தான் கதையின் திறவுகோல். குளோரின் புகுந்தாலும் சேர்மத்தின் அடிப்படைப் பண்பு மாறாது என்ற டூமாவின் கொள்கையை அன்று பலர் ஏற்கவில்லை. எல்லா அணுக்களையும் மாற்றிவிட்டுக் குளோரினாலேயே துணி நெய்து லண்டனில் விற்கிறார்கள் என்று வேதியியலர் வோலர் புனைபெயரில் எழுதிய கேலிக் கடிதத்தை, 1840இல் லீபிக் தம் ஆய்விதழிலேயே அச்சிட்டார்.

அடுத்த பெரிய அடி ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் கோல்பேயுடையது. 1845இல் கார்பன் டைசல்ஃபைடில் தொடங்கி, டூமாவின் குளோரின் அமிலம் வழியாக அசிட்டிக் அமிலத்தைத் தொகுத்தார். பிறகு அசிட்டேட் உப்பை மின்னாற்பகுத்தபோது கார்பன் டைஆக்சைடு தனியே பிரிந்து வெளியேறியது. மூலக்கூறின் ஒரு முனை தனி உறுப்பாக இயங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அன்று இல்லை.

இருந்தும் வாய்பாட்டில் குழப்பம் நீடித்தது. அணு எடைகளிலேயே உடன்பாடு இல்லாத காலம் அது. அசிட்டிக் அமிலத்துக்குப் புழக்கத்திலிருந்த 19 வெவ்வேறு வாய்பாடுகளை வேதியியலர் கெக்குலே 1861இல் தம் பாடநூலில் பட்டியலிட்டார். ஓர் அணு எத்தனை பிணைப்புகளை அமைக்கும் என்று கூறும் இணைதிறன் கோட்பாடு வேரூன்றிய பிறகே சிக்கல் தீர்ந்தது. கார்பாக்சில் என்ற பெயர் 1860களில் அடால்ஃப் பையர் தந்தது.

நான்காவது ஹைட்ரஜன் ஏன் எளிதில் பிரிகிறது என்பதற்கு விடை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அது அயனியாகப் பிரிந்ததும் எதிர்மின்சுமை இரு ஆக்சிஜன்களுக்கும் சமமாகப் பரவுகிறது. இரு பிணைப்புகளின் நீளமும் ஒன்றாகிவிடுகிறது. லைனஸ் பாலிங் வளர்த்த உடனிசைவுக் கொள்கை இதை விளக்கியது. எத்தனாலின் அமில மாறிலியை விட அசிட்டிக் அமிலத்தின் மாறிலி ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு பெரியது. டூமாவின் டிரைகுளோரோ அமிலம் அதைவிடவும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையானது; குளோரின் புகுந்தாலும் அடிப்படைப் பண்பு மாறுவதில்லை என்ற அவர் கருத்து பாதிதான் சரி.

கட்டமைப்பு வாய்பாடுகளைக் கோல்பே கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் ஃபீனாலில் கார்பன் டைஆக்சைடைச் சேர்த்துக் கார்பாக்சில் தொகுதியைப் பொருத்த அவர் கண்ட வழியை வேதியியலர் ஷ்மிட் பின்னர் திருத்தி அமைத்தார். ஆஸ்பிரினுக்கு வேண்டிய சாலிசிலிக் அமிலம் இன்றும் அந்த முறையில்தான் தயாராகிறது.