இளவேனிற் கடல்



தாமிரபரணி என்றவுடன் நம் உள்ளம் மேற்கு நோக்கிச் செல்லுதல் இயல்பு. பொதிகை மலையும், பாணதீர்த்த அருவியும், இருகரையிலும் விரிந்து கிடக்கும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆற்றின் பிறப்பைப் பாடிய நாம் அதன் முடிவைப் பற்றி அவ்வளவாக நினைப்பதில்லை. ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, திருவைகுண்டத்தில் கடைசி அணையைக் கடந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கின்றது இவ்வாறு. அந்தக் கடலை, சிறப்பாக இளவேனிற் காலத்தில் சிறு படகேறிக் காணச் சென்றவர்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே என் இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இக்காலத்தில் ‘கயாக்’ என்னும் மெல்லிய படகில் ஒருவரோ இருவரோ அமர்ந்து, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, கரையோரத்துப் பறவைகளையும் மீன்களையும் கடற்புல் வெளிகளையும் கண்டு மகிழும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகின்றது. இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து அலையாத்திக் காட்டினூடே இத்தகைய படகுச் செலவினை நடத்தி வருகின்றனர். இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். பெயர் புதிது என்பது உண்மையே. ஆனால், இளவேனிலில் சிறு படகில் ஏறி, கடலறிந்த ஒருவர் வழிகாட்ட, நீருக்கடியில் வாழும் உயிர்களைப் பார்க்கும் செயல் பாண்டிய நாட்டுக் கரையில் 2,000 ஆண்டுப் பழமை உடையது.

முதற்கண் இளவேனிலை ஏன் தேர்ந்தனர் என்பதைக் காண்போம். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று வீசி, கடல் கொந்தளிக்கும். ஆற்று வெள்ளம் கொணர்ந்த வண்டலால் கரையோர நீர் கலங்கியிருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வலுத்துவிடும். இவ்விரு காற்றுகளுக்கும் இடையே, பங்குனி இறுதி தொடங்கிச் சித்திரை முழுதும், கடல் சற்றே அமைதி கொள்கின்றது. நீர் தெளிகின்றது. அடியிலுள்ள மணலும் பாறையும் கண்ணுக்குப் புலனாகின்றன. இந்தச் சில வாரங்களே நம் தென்கடலின் வாயில் திறந்திருக்கும் காலம். இவ்வாயிலின் வழியாகவே முத்து வாணிகம் முழுவதும் நடைபெற்றது.

கொற்கை முத்தின் புகழைச் சங்க நூல்கள் பலவிடத்தும் கூறுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் கொற்கையைக் ‘கொல்கி’ என்று குறித்து, அங்கே முத்துக் குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று உரைக்கின்றது. உரோமாபுரிச் சீமாட்டியர் கழுத்தில் ஒளிவிட்ட முத்துக்குப் பின்னே இப்படியும் ஒரு செய்தி இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆறு சுமந்து வந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியது. கொற்கை கடலை இழந்தது. இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். அதன் பின் பழைய காயல் துறைமுகமாயிற்று. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலும், பின்னர்த் தூத்துக்குடியும் சிறப்புற்றன. துறைகள் இவ்வாறு இடம்பெயர்ந்த வரலாற்றை 1881ஆம் ஆண்டில் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் கால்டுவெல் ஐயர் விளக்கியுள்ளார்.

துறைகள் மாறினும் பருவம் மாறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே மாத நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடைபெறும் என்று எழுதுகின்றார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா முதலிய பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கும் தருகின்றார். ‘கடல்கட்டி’ எனப்பட்ட அம்மந்திரக்காரர்கள் கரையில் நின்று மந்திரம் ஓதினாலன்றிக் குளிப்போர் நீரில் இறங்கமாட்டார்கள். போர்ச்சுகீசியரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் இக்கடலை ஆண்டனர். கொடி மாறியது, வரி வாங்கும் கை மாறியது. ஆயினும் இளவேனிலில் கடலில் இறங்கியவர் பெரும்பாலும் இக்கரையின் பரதவரும் அவரையொத்த கடல்மக்களுமே ஆவர்.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு ஒரு பார்வையில்தான் தொடங்கும். முதலில் சில படகுகள் சென்று பார்களைச் சோதிக்கும். முத்துச்சிப்பி படிந்து வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்கே பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலையிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து ஆழத்தில் இறங்குவார். ஒரு நிமிட அளவில் கண்டதைக் கண்டு, கையிற் கிடைத்த சிப்பியுடன் மேலே வருவார். கயிற்றைப் பிடித்துப் படகில் நிற்பவர் அவருடைய உயிரையே கையில் பிடித்திருப்பவர் ஆவார். அச்சிப்பிகளைத் திறந்து முத்தின் அளவைக் கணித்த பின்னரே சலாபம் உண்டா இல்லையா என்று அரசு அறிவிக்கும். அரசின் வருவாய், வணிகரின் முதலீடு, பல்லாயிரம் மக்களின் பிழைப்பு ஆகிய எல்லாம் மூச்சடக்கிய ஒரு மனிதரின் கண்ணையே நம்பியிருந்தன.

இக்கடலை அறிவியல் முறையில் ஆராய்ந்தோருள் ஜேம்சு ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாணத்து முத்து, சங்குத் தொழில்களின் கண்காணிப்பாளராக இருந்து, பின்னர் மீன்வளத்துறையின் தலைவராகவும் பணியாற்றியவர் அவர். பார்களைக் காணச் சென்றவரின் உள்ளத்தை, தம்மைச் சுமந்து சென்ற படகுகளும் கவர்ந்தன. இந்தியப் படகுகளைப் பற்றி ஆராய்ந்தார். 1946இல் உலகத்து நீர்க்கலங்களின் தோற்றத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். நம் கட்டுமரமும், வடதுருவப் பகுதி மக்களின் தோற்படகும் அவருடைய ஆராய்ச்சியில் ஒருங்கே இடம்பெற்றன.

அத்தோற்படகே கயாக். மரமோ திமிங்கில எலும்போ கொண்டு சட்டம் அமைத்து, கடல்நாயின் தோலை மேலே போர்த்தி, வேட்டைக்காரர் ஒருவர் இடுப்பளவு உள்ளே அமரும்படி செய்வது அதன் மரபு. உறைபனி நீர் உடலில் படாதிருக்க மூடிய படகு அவர்களுக்கு வேண்டியிருந்தது. வெப்பக் கடலில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு அந்த அச்சம் இல்லை. மரத்துண்டுகளைக் கயிற்றால் இணைத்தனர். இடையே நீர் புகுந்து வெளியேற விட்டனர். அலை கவிழ்த்தாலும் மூழ்காத கலம் ஒன்றைப் படைத்தனர். 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். அச்சொல் ஆங்கிலத்திலும் நிலைபெற்றது. இன்று வெப்பநாடுகளில் பயன்படும் கயாக்குகளுள் ஒருவகை, மேலே அமர்ந்து செலுத்தத்தக்கதாய், ஏறிய நீர் துளைகள் வழியே வடியும்படி செய்யப்படுகின்றது. பெயர் வடதுருவத்தது, தத்துவமோ நம் கட்டுமரத்தினின்று வெகுதூரத்தில் இல்லை. நீர்மட்டத்தோடு ஒட்டி அமர்ந்து, ஓசையின்றிச் செல்வதே இரண்டின் சிறப்பும் ஆகும். அதனாலன்றோ பறவையும் ஆமையும் அஞ்சி அகலாமல் நமக்குக் காட்சி தருகின்றன?

இனி, வரலாற்றின் துயரப் பகுதிக்கு வருவோம். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதுவே கடைசி. அதன் பின் பார்கள் பழைய வளத்தைக் காட்டவில்லை. 1973ஆம் ஆண்டில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை உருவாக்கிக் காட்டியது பெருஞ்சாதனையே. ஆயினும் கடல் தானே அளித்த கொடை நின்றுவிட்டது. மற்றொரு புறம், சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை அமைந்த 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுக்கும் பாறையை வெட்டினால் தீவைக் காப்பது யார்?

1986ஆம் ஆண்டு இரு வகையில் நினைவிற்குரியது. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அவ்வாண்டே. அந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடற்பகுதியையும் தமிழக அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அவ்வாண்டே. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெற்றன. அவ்வாண்டு முதலே, மீன்கள் இனம்பெருக்கும் பொருட்டு ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்கி 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. 2017இல் அது 61 நாட்களாயிற்று. ஒருகாலத்தில் கடலிலிருந்து எடுக்கும் பருவமாயிருந்த இளவேனில், இன்று கடலுக்கு ஓய்வளிக்கும் பருவமாகச் சட்டத்தாலேயே மாறியுள்ளது. நான் ஆராய்ந்த வரையில் இக்கரையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

அப்பருவத்தில் காணத்தக்கவை பல. வடநாடுகளினின்று வந்து பனிக்காலத்தைக் கழித்த உப்புக்கொத்திகள், மார்பிலே செந்நிறம் ஏறத் தாயகம் திரும்பப் புறப்படுகின்றன. உப்பளங்களில் பூநாரைகளையும், முகத்துவாரத்தில் ஆலாக்களையும் கூழைக்கடாக்களையும் காணலாம். ஓங்கில்கள் சில வேளை கூட்டமாகத் துள்ளிச் செல்லும். பங்குனியில் கரையேறி முட்டையிடுவதால் பங்குனி ஆமை என்றே பெயர்பெற்ற ஆமையின் குஞ்சுகள் இக்காலத்தில் கடலை நோக்கி ஓடும். கடற்புல்லை மேயும் ஆவுளியா எனப்படும் கடற்பசு அரிதினும் அரிது. அதற்கென 2022இல் பாக்கு நீரிணைப் பகுதியில் நாட்டின் முதற் காப்பகம் அமைக்கப்பட்டுள்ளது.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் முதிய மீனவர் ஒருவருடன் ஒருமுறை சிறு படகில் சென்றேன். நடுநீரில், “இங்கே பார் இருப்பது எப்படித் தெரிகிறது, பெரியவரே?” என்று கேட்டேன். “கரையைப் பார்த்துத்தான் கடலைத் தெரிஞ்சுக்கிடணும், ஐயா” என்றார். கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்கோட்டில் நிறுத்தி, வேறு திசையில் மற்றோர் இணையையும் பொருத்தி, இரு கோடும் சந்திக்கும் இடத்தை அவர் அறிகின்றார். நீரின் நிறத்தால் ஆழத்தையும், நுரையின் போக்கால் ‘நீவாடு’ எனப்படும் நீரோட்டத்தையும், ஆலாக்கள் பாயும் இடத்தால் மீன்கூட்டத்தையும் உணர்கின்றார். இவை எந்த நூலிலும் அவர் கற்றவை அல்ல; தந்தையிடம் படகில் அமர்ந்து கற்றவை.

கடலைக் காணச் செல்வோர் இனிப் பெருகுவர் என்பதில் ஐயமில்லை. அக்காட்சியும் ஓர் அறுவடையாக மாறிவிடலாகாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் இங்குள்ள பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. நோயுற்ற பாறைமேல் காலை ஊன்றுவது நோயாளியின் மார்பில் மிதிப்பதை ஒக்கும். ஆதலின் தடைசெய்யப்பட்ட தீவுகளில் இறங்காமலும், பறவைக் கூட்டத்தை நெருங்காமலும், கடலடியில் கிடப்பது வெறும் சங்கேயாயினும் எடுக்காமலும் திரும்புவதே முறை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கொற்கைக் காலத்தில் கடலை அறிந்தவன் குற்றவாளியாக மூழ்கினான். பின்வந்த அரசுகளின் காலத்தில் கூலியாக மூழ்கினான். முத்தின் விலையை உலகம் அறிந்தது. அவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று வழிகாட்டும் இருக்கை ஒன்று அப்படகில் உண்டாகியிருக்கிறது. கருவியும் மூலதனமும் உடைய வெளியூரார் அதில் அமர்ந்து, கரையின் மக்கள் படகைத் தள்ளிவிடுவோராக மட்டும் நிற்பாராயின், பழைய சலாபத்தின் கணக்கே மீண்டும் எழுதப்படும். அவ்விருக்கை புன்னைக்காயல், பழைய காயல், மணப்பாடு போன்ற ஊர்களின் இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் உரியதாதல் வேண்டும். கடல் வளமாக இருந்தால்தான் தம் வாழ்வும் வளம்பெறும் என்ற நிலை அவர்களுக்கு வாய்க்குமாயின், வேறு காவலர் மிகுதியாக வேண்டியதில்லை.

2,000 ஆண்டுகளாக இளவேனில்தோறும் இக்கடல் தன் வாயிலைத் திறந்து வந்திருக்கிறது. உள்ளே புகுந்தவர் ஒவ்வொருவரும் எதையேனும் எடுத்துக்கொண்டே திரும்பினர். கண்ணால் கண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, வழிகாட்டியவர்க்குரிய சிறப்பை அளித்துத் திரும்பும் தலைமுறையாக நம் தலைமுறை விளங்குமாக.